மை தீருமுன்பே நிரப்புங்கள்: வீட்டு இங்க்ஜெட் கார்ட்ரிட்ஜை மீண்டும் பயன்படுத்த முழு வழிகாட்டி

தொடக்கப்பள்ளிப் பிள்ளை இருக்கும் சிங்கப்பூர் வீட்டில் பிரிண்டருக்கு ஓய்வே கிடையாது. பழைய தேர்வுத்தாள், துணைப்பாட வகுப்புப் பயிற்சித்தாள், தமிழ்க் கட்டுரைக்கான படங்கள், நடுநடுவே விமானச் சீட்டு என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஹெச்பி 680 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டால், கறுப்பு சுமார் 480 பக்கம், கலர் சுமார் 150 பக்கம் என்று நிறுவனமே சொல்கிறது. அதுவும் பக்கத்தில் கொஞ்சமாக எழுத்து இருக்கும் சோதனைத் தாளை வைத்துச் சொன்ன கணக்கு. அறிவியல் பாடத்தின் கலர் படங்களை அச்சிட ஆரம்பித்தால் 150 என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். கடைக்குப் போய் கறுப்பு ஒன்று, கலர் ஒன்று கையில் எடுத்தால், கூட இன்னும் சில வெள்ளி போட்டால் புதுப் பிரிண்டரே வந்துவிடுமே என்று தோன்றும்.

அதனால்தான் நிறையப் பேர் மையை மட்டும் வாங்கி நிரப்பிப் பார்க்கிறார்கள். அதில் பாதிப் பேர் ஒரே முறையோடு கைவிட்டும் விடுகிறார்கள். ஊசி போடத் தெரியாமல் கெடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் குறைவு. மை சுத்தமாகத் தீர்ந்து, வெள்ளைக் கோடு விழுந்து, அப்படியே இரண்டு வாரம் கிடந்த கார்ட்ரிட்ஜை நிரப்பப் பார்த்தவர்கள்தான் அதிகம். அதற்குள் உள்ளே ஆக வேண்டிய சேதம் ஆகிவிட்டிருக்கும். இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: கார்ட்ரிட்ஜில் மை மிச்சம் இருக்கும்போதே நிரப்ப வேண்டும்.

உங்களுடையது எந்த வகை?

கார்ட்ரிட்ஜைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். நகத்தைவிடச் சிறிய ஒரு பளபளப்பான பட்டையும், பின்பக்கம் செம்பு நிறப் புள்ளிகள் வரிசையாக உள்ள ஒரு தகடும் இருந்தால், அச்சிடும் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது என்று பொருள். ஹெச்பி 680, 682, கேனன் பிஜி-745, சிஎல்-746 எல்லாம் இந்த வகை. உள்ளே மை ஊறிய பஞ்சு இருக்கும். வீட்டில் நிரப்புவதற்கு இதுதான் ஏற்ற வகை. சொதப்பினாலும் போவது கார்ட்ரிட்ஜ் மட்டுமே. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் ஹெட்டும் புதிதாக வந்துவிடும்.

எப்சன், பிரதர் பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜ் வெறும் மைப்பெட்டிதான். ஹெட் பிரிண்டருக்குள் நிரந்தரமாக இருக்கும். காற்றோ தவறான மையோ உள்ளே போனால் பிரிண்டருக்கே ஆபத்து. எப்சனில் மை அளவைக் கணக்கு வைக்கும் சிப் வேறு, நிரப்பிய பிறகும் ‘காலி’ என்று அடம் பிடிக்கும். அதை மீட்டமைக்கத் தனிக் கருவியோ, தானாக மீட்டமையும் சிப் வைத்த மாற்றுக் கார்ட்ரிட்ஜோ வேண்டும். முதல்முறை கை வைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். கீழே வருவது எல்லாம் ஹெட் உள்ள கார்ட்ரிட்ஜுக்கு.

தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹெச்பி பிரிண்டரின் மாடல் எண் ஆங்கில ‘இ’ எழுத்தில் முடிந்து, நீங்கள் ‘ஹெச்பி பிளஸ்’ திட்டத்தில் சேர்ந்தும் இருந்தால், நிரப்பிய கார்ட்ரிட்ஜ் அதில் ஓடாது. அசல் மைதான் போடுவேன் என்று ஒப்புக்கொண்டு சேரும் திட்டம் அது. பெட்டியைப் பிரித்த அன்று எல்லாவற்றுக்கும் ‘சரி’ தட்டியவர்கள் போய்ச் சரிபார்ப்பது நல்லது. மற்ற ஹெச்பி பிரிண்டர்களில் வேற்று நிறுவனத்தின் சிப்பைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கலாம். ஆனால் அசல் கார்ட்ரிட்ஜையே நிரப்பினால் அதன் மின்சுற்று ஹெச்பியுடையதுதானே, அதனால் அந்தத் தடை பொருந்தாது. நிரப்பிய கார்ட்ரிட்ஜால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் கைகொடுக்காது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ந்துபோனால் ஏன் கெடுகிறது

ஹெச்பியும் கேனனும் வீட்டுப் பிரிண்டர்களில் பயன்படுத்துவது வெப்ப முறை. நாசில் என்னும் நுண்துளை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது. அது நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குச் சூடாகி, தன்மேல் பட்ட மையை ஆவியாக்கும். அந்தக் குமிழி தள்ளுவதால்தான் மைத்துளி தாளில் போய் விழுகிறது. அந்தச் சூட்டைத் தணிப்பதும் அந்த மையேதான். மை இல்லாமல் அச்சிட்டால் ஹீட்டர் வெறும் காற்றில் காய்ந்து கருகும். பிள்ளைக்கு நாளை பள்ளியில் கொடுக்க வேண்டும் என்று, மங்கலாக வந்தாலும் பரவாயில்லை என இன்னும் பத்துப் பக்கம் தட்டுகிறோமே, அந்தப் பத்துப் பக்கம்தான் கார்ட்ரிட்ஜைக் கொல்கிறது.

அடுத்தது பஞ்சு. முழுதாக உலர்ந்த பஞ்சில் மீண்டும் மை சீராக ஊறாது. இடையிடையே காற்று தங்கிவிடும். மேலே ஊற்றிய மை கீழே ஹெட்டுக்கு வந்து சேராது.

எப்போது நிரப்புவது: தராசு சொல்லும்

திரையில் வரும் மை அளவை நம்ப வேண்டாம். இந்த வகைக் கார்ட்ரிட்ஜில் பிரிண்டர் எத்தனை துளி தெளித்தோம் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறதே தவிர, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஒருமுறை நிரப்பிவிட்டால் அந்தக் கணக்கு மொத்தமாகப் பொய்.

கேக் செய்ய மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு வீட்டில் இருந்தால் போதும். புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கியதும் பாதுகாப்பு டேப்பை உரித்து, பிரிண்டரில் போடுவதற்கு முன் நிறுத்து, எடையைப் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மை ஒரு மில்லி கிட்டத்தட்ட ஒரு கிராம். புதிதில் 40 கிராம் இருந்தது, இப்போது 36 என்றால், ஏறக்குறைய நான்கு மில்லி போயிருக்கிறது. இந்தச் சிறிய கறுப்புக் கார்ட்ரிட்ஜ்களில் அது பாதியளவு இருக்கும். அப்போதே நிரப்பலாம். எவ்வளவு மை ஏற்ற வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும்: குறைந்த அளவுதான் ஏற்ற வேண்டிய அளவு. கலரில் மூன்று அறைகளும் சமமாகக் குறையாது, அதனால் எடை மொத்தத்தை மட்டுமே சொல்லும். அங்கே கண்ணும் வேண்டும். சாம்பல் நிறம் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயத் தொடங்கினால் ஏதோ ஒரு அறை வற்றுகிறது.

தராசு இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை நாசில் சோதனைத் தாள் எடுத்துப் பாருங்கள். முதல் இடைவெளி தெரிந்த அன்றே நிறுத்திவிட்டு நிரப்புங்கள். தமிழ்ப் பயிற்சித்தாளில் இது சீக்கிரம் கண்ணில் படும். சிக்கன முறையில் அச்சிடும்போது நாசில் ஒன்றிரண்டு அடைத்திருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும், ‘க்’ எது ‘க’ எது என்று பிள்ளை வந்து கேட்கும்.

எந்த மை

மிச்சம் பிடிக்கிறேன் என்று இங்கே கோட்டை விடாதீர்கள். ஹெச்பி 680, கேனன் பிஜி-745 இரண்டிலும் கறுப்பு பிக்மென்ட் மை. அதாவது நிறத்துகள்கள் நீரில் மிதக்கும் மை. காய்ந்தபின் ஈரவிரல் பட்டாலும் அவ்வளவாகக் கலையாது. கலர் மூன்றும் டை மை, நிறம் நீரில் கரைந்தே இருக்கும். பிக்மென்ட் இருந்த இடத்தில் டை ஊற்றினால் எழுத்து மங்கி, ஓரம் கசியும். சில சேர்க்கைகள் உள்ளேயே திரிந்து கட்டியாகவும் கூடும். எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும் என்று எழுதிய மலிவு பாட்டில்களில் கறுப்பு பெரும்பாலும் டை மையாக இருக்கும். வாங்குமுன் கேளுங்கள்.

எப்சன் பாட்டில் மையை ஹெச்பி கார்ட்ரிட்ஜில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். எப்சன் ஹெட் மையைச் சூடாக்குவதில்லை, மின்சாரம் பட்டதும் பீசோ என்னும் படிகம் அதிர்ந்து தள்ளுகிறது. அதற்குச் செய்த மை ஹீட்டரின் மேல் படிந்து பொருக்காகக் காயலாம். என் தேர்வு, பிரிண்டர் நிறுவனமே தன் டேங்க் பிரிண்டர்களுக்கு (தொட்டியில் மையை நேராக ஊற்றும் வகை) விற்கும் பாட்டில் மை. ஹெச்பியில் ஜிடி53 கறுப்பு 90 மில்லி பிக்மென்ட், ஜிடி52 கலர்கள் 70 மில்லி டை. கேனனில் ஜிஐ-790 வரிசை, கறுப்பு 135 மில்லி, கலர் 70 மில்லி. இவையும் வெப்ப ஹெட்டுக்குச் செய்த மைகளே. கார்ட்ரிட்ஜை நிரப்புவதற்கென்று நிறுவனங்கள் இவற்றை விற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முறைக்கு ஐந்தாறு மில்லி என்றால் 90 மில்லி கறுப்பு பதினைந்து முறைக்கு வரும். கார்ட்ரிட்ஜ் அத்தனை முறை தாங்காது, பாட்டில் மிஞ்சும். மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

மற்றவை: நிறத்துக்கு ஒன்றாக நான்கு சிரிஞ்சுகள், மழுங்கிய முனையுள்ள நீளமான ஊசிகள், ரப்பர் கையுறை, டிஷ்யூ, பல்குச்சி, ஒட்டுநாடா, காய்ச்சி வடித்த நீர். சிரிஞ்சும் ஊசியும் இணையத்தில் மை நிரப்பும் தொகுப்பாகவே கிடைக்கும். குழாய் நீர் குடிக்க நல்லதுதான், நாசிலுக்கு வேண்டாம். காயும்போது அதிலுள்ள உப்பு தங்கிவிடும்.

நிரப்பும் வேலை

இடம் முக்கியம். சமையலறை மேடையில் மை சிந்தினால், கல்லின் இணைப்புகளுக்குள் இறங்கிய கறையைப் பார்த்து வீட்டில் கிடைக்கும் வசவு பல மாதம் தொடரும். துணி துவைக்கும் பக்கம், தரையில் பிளாஸ்டிக் பை, அதன்மேல் நான்கைந்து மடிப்பு நாளிதழ் விரித்து உட்காருங்கள். காற்றாடியை நிறுத்திவிடுங்கள்.

முதலில் கார்ட்ரிட்ஜை ஈரமில்லாத டிஷ்யூமேல், ஹெட் கீழே இருக்கும்படி நிற்க வையுங்கள். மேலேயுள்ள லேபிளை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கிழிக்காதீர்கள், திரும்ப ஒட்ட வேண்டும். அடியில் சில துளைகளும், மெல்லிய வளைந்த காடிகளும் தெரியும். அந்தக் காடிகள் வழியாகத்தான் கார்ட்ரிட்ஜ் மூச்சு விடுகிறது. அவை மையால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேனன் சிலவற்றில் துளை ஊசி நுழைய முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கும். அதைக் கூரான முனையால் கையாலேயே திருகிப் பெரிதாக்குங்கள். பிளாஸ்டிக் துருவல் உள்ளே விழாதபடி கார்ட்ரிட்ஜைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் நல்லது.

கலரில் எந்தத் துளை எந்த நிறம்? இணையத்தில் நூறு படங்கள் உண்டு, மாடலுக்கு மாடல் மாறும். பல்குச்சியை நம்புங்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு புதுக் குச்சி. பஞ்சில் படும்வரை விட்டு எடுத்து, வெள்ளை டிஷ்யூவில் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் தெளிவாகத் தெரியும். சயானும் மஜெந்தாவும் குச்சியில் இரண்டுமே கருப்பாகத்தான் தெரியும், டிஷ்யூவில் தேய்த்தால்தான் நீலமும் ரோஜா நிறமும் பிரியும். மூன்றையும் லேபிளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த முறைக்கு உதவும்.

சிரிஞ்சில் தேவையான அளவு மட்டும் இழுங்கள். தலைகீழாகப் பிடித்துத் தட்டி, காற்றை வெளியேற்றுங்கள். ஊசியைப் பஞ்சுக்குள் நேராக இறக்குங்கள், ஆனால் தரையைத் தொடும்வரை வேண்டாம். அடியில் ஒரு மெல்லிய வடிகட்டி வலை இருக்கிறது. அது கிழிந்தால் கதை முடிந்தது. முக்கால் ஆழம் போதும்.

இனிப் பொறுமைதான். ஒரு மில்லி இறங்க அரை நிமிடம் ஆகட்டும். அவசரமாக அழுத்தினால் மை பஞ்சில் ஊறாமல் ஓரமாக ஓடி, காற்றை நடுவில் சிறை வைத்துவிடும். அழுத்தும்போதே ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்து வந்தால், அடி முதல் நுனி வரை சீராக ஊறும். துளை வாயில் மை பளபளத்தால் உடனே நிறுத்தி, அரை மில்லி திரும்ப உறிஞ்சிவிடுங்கள். கலரில் ஓர் அறைக்கு இரண்டு மில்லிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற்றாமல் இருப்பது பாதுகாப்பு. நிரம்பி வழிந்தால் பக்கத்து அறைக்குள் போய்விடும், மஞ்சளில் ஒரு சொட்டு சயான் விழுந்தாலும் மஞ்சள் பச்சையாகிவிடும். ஆகிவிட்டதென்றால் மேலே நிற்பதை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, முழு மஞ்சள் பக்கம் இரண்டு மூன்று அச்சிடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

முடிந்ததும் மேற்பரப்பைத் துடைத்து லேபிளைத் திரும்ப ஒட்டுங்கள். லேபிள் ஒட்டாவிட்டால் ஒட்டுநாடா போடலாம், ஆனால் காடியின் ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மொத்தமாக அடைத்துவிட்டால் இரண்டு மூன்று பக்கம் நன்றாக வந்து அப்புறம் நின்றுவிடும். நிரப்பியும் அச்சு பாதியில் நிற்கிறது என்ற புகாருக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

இப்போது ஹெட். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை நாலாக மடித்து, அதன்மேல் கார்ட்ரிட்ஜை ஒரு நிமிடம் நிற்க வைத்து எடுங்கள். கறுப்பு என்றால் அழுத்தமான ஒரு பட்டை, கலர் என்றால் பக்கம் பக்கமாக மூன்று பட்டைகள் பதிய வேண்டும். ஒரு பட்டை பாதியில் அறுந்திருந்தால் அந்த இடத்து நாசில்கள் இன்னும் திறக்கவில்லை. தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். மூன்று முறை செய்தும் வராவிட்டால், தட்டில் சில மில்லிமீட்டர் வெந்நீர், கை பொறுக்கும் சூட்டில், ஹெட் மட்டும் நனையும்படி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். செம்புத் தகட்டில் நீர் பட்டால் நன்றாக உலர்த்தியபின்தான் பிரிண்டரில் போட வேண்டும்.

சொட்டுவது நிற்கும்வரை, ஒரு மணி நேரமாவது, டிஷ்யூமேல் விட்டுவிட்டு அப்புறம் பொருத்துங்கள். அளவுக்கு மீறி நிரப்பினால்தான் தொடர்ந்து சொட்டும். அப்போது மேலிருந்து சிறிது உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும்.

பிரிண்டரைச் சமாதானப்படுத்துவது

ஹெச்பி, ‘பயன்படுத்திய அல்லது போலிக் கார்ட்ரிட்ஜ்’ என்று மிரட்டும். சரி என்பதை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மை அளவு காலியாகவே காட்டும், பழகிக்கொள்ளுங்கள். கேனனில் இ13 அல்லது இ16 என்று நின்றுவிட்டால், நிறுத்து பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மை கண்காணிப்பு அணைந்து அச்சு தொடரும். கண்காணிப்பு அணைந்தபின் தராசு ஒன்றுதான் துணை.

சுத்தம் செய்யும் கட்டளையை ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை கொடுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மை பிரிண்டரின் அடியிலுள்ள கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிரம்பியதாகக் கணக்கு வந்தால் பிரிண்டரே பூட்டிக்கொள்ளும். இரண்டு முறைக்கும் கோடு போகவில்லையா? ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு காலையில் பாருங்கள். பஞ்சில் மை தானாக இறங்கிப் பல நேரம் சரியாகியிருக்கும்.

ஊருக்குப் போகும்போது

ஜூன் விடுமுறையிலும் ஆண்டு இறுதியிலும் சென்னை, திருச்சி, மதுரை என்று கிளம்பும் வீடுகளில் பிரிண்டர் ஒரு மாதம் சும்மா கிடக்கும். திரும்பி வந்ததும் கலர் வராது. நம் வீட்டுச் சுவர்களில் சுவிட்ச் இருப்பதால், பிரிண்டரையும் அங்கேயே அணைத்துப் பழகியிருக்கிறோம். அது தவறு. பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் கார்ட்ரிட்ஜ் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். அது அமர்ந்து விளக்கு அணைந்தபின் சுவர் சுவிட்சை அணையுங்கள். நடுவழியில் மின்சாரம் போனால் ஹெட் திறந்தபடியே காயும். நம் ஈரக்காற்றில் மெதுவாகத்தான் காயும். ஆனால் நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையில், அதுவும் காற்று நேராகப் படும் இடத்தில் இருந்தால் வேகமாகக் காய்ந்துவிடும். வாரம் ஒரு கலர்ப் பக்கம் அச்சிடுவது எந்தச் சுத்திகரிப்பையும்விட மேல். கிளம்புமுன் கார்ட்ரிட்ஜ் பாதிக்கு மேல் நிறைந்திருக்கட்டும்.

எப்போது விட்டுவிடுவது

ஒரு கார்ட்ரிட்ஜ் நாலைந்து நிரப்பல் வந்தாலே லாபம்தான். கூடவும் வரும், முதல் முறையே போகவும் செய்யும். வெந்நீருக்குப் பிறகும் அதே இடத்தில் அதே கோடு விழுந்தால் ஹீட்டர் எரிந்திருக்கிறது. இன்னும் மை ஊற்றுவது வீண். கார்ட்ரிட்ஜே இல்லை என்று பிரிண்டர் சொன்னால் செம்புத் தகட்டைப் பஞ்சு பிரியாத துணியால் துடைத்துப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் அதுவும் போனதுதான்.

மாதம் நூறு இருநூறு பக்கம் ஓடும் வீட்டில் இந்தக் கூத்தே தேவையில்லை. டேங்க் பிரிண்டர் வாங்கிவிடுங்கள். எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் முதலில் விற்கத் தொடங்கிய வகை அது. மக்கள் தாங்களே குழாய் போட்டு மை ஏற்றிக்கொண்டிருந்ததை நிறுவனமே செய்து கொடுத்தது. மாதம் ஐந்தாறு பக்கம்தான் என்றால் பொது நூலகத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜை நிரப்புவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு.

செத்த கார்ட்ரிட்ஜைக் குப்பைக் குழாயில் தள்ளிவிடாதீர்கள். இங்கே குப்பை எரிந்து சாம்பல் செமாக்கா தீவிலுள்ள நிரப்புநிலத்துக்குத்தான் போகிறது, அந்த ஒரே நிரப்புநிலமும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். பிரிண்டர் நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜைத் திரும்பப் பெறுகின்றன. எங்கே கொடுப்பது என்பதை அவர்களின் சிங்கப்பூர் இணையப் பக்கத்தில் பாருங்கள். நாசில் மேல் ஒட்டுநாடா ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுங்கள். பிரிண்டரே போய்விட்டால், 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. புளோக்கின் அடியிலிருக்கும் மின்கழிவுப் பெட்டியின் வாயில் அது நுழையாவிட்டால், பெரிய மின்சாதனக் கடைகளில் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தூக்கிப் போகுமுன் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எம்ஆர்டியில் மடியெல்லாம் மை.